விதியும் கெடுவும்

(உடுமலைப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

பழனி ரோட்டில் மோட்டார் மோதி ஒருவர் செத்தால் நம்மவர் முதலில் சொல்லும் வார்த்தை "அவன் விதி" என்பதாகும். விதியா பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டிற்று என்று கேட்கின்றோம். வண்டிக்காரனும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கொடுக்க வேண்டிய பணத்தை விதியின் தலையில் கட்டினால் லாபம் யாருக்கு?

எழவு வீட்டில் மூன்றாம் நாள், பதினாறாம் நாள், தலைத் திவசம் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். கோர்ட்டுக் கெடுவை எண்ணுவாரில்லை. 1988ம் வருஷச் சட்டம் மனுக் கொடுக்க ஆறு மாதக் கெடு வைத்தது. 1994ல் அதை எடுத்தார்கள். 2019ல் திருத்தி, 2022 ஏப்ரல் முதல் அதே ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சம்பாதித்தவனைப் பறிகொடுத்தவள் அதற்குள் வக்கீலைத் தேடுவாளா, கஞ்சியைத் தேடுவாளா? இக்கெடுவை எதிர்த்து வழக்காகி, தாமதத்துக்காக மனுக்களைத் தள்ளக்கூடாதென்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவும் போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிச் சும்மாயிருப்பது புத்திசாலித்தனமல்ல.

தப்பு யாருடையதென்று ருசு செய்யாமலே 5 லட்சம் கேட்க 164வது பிரிவில் இடமுண்டு. விபத்து எங்கு நடந்தாலும் குடியிருக்கும் பக்கத்து ட்ரிப்யூனலிலேயே மனுக் கொடுக்கலாம். கருமாதிக்குக் கடன் வாங்கப் போகிறவர் வரும் வழியில் போலீஸ் ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். நகலையும் வாங்கி வரட்டும்.