புகாரைப் படிக்கத் தெரிந்தவர்கள்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களே, இன்று நான் பேச வந்ததே உங்களிடம்தான்.

நம் சிங்கப்பூரில் 1989 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. அதற்குச் சொன்ன காரணங்கள் நினைவிருக்கிறதா? பூனையை வீட்டுக்குள் அடக்கிவைப்பது கடினம், வெளியே சுற்றும், முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், கத்தி அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும். இவை பொய்ப் புகார்கள் அல்ல. நான்காம் மாடியில் குடியிருக்கும் எனக்கு அந்த நள்ளிரவுக் கத்தல் நன்றாகத் தெரியும்.

ஆனால் இதே பட்டியலை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் வேறு விதமாகப் படிப்பார். இரவெல்லாம் கேட்கும் அந்த ஓலம், பருவத்துக்கு வந்த பெட்டை துணையைக் கூப்பிடும் குரல். சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது, கடுவன் தன் எல்லையைக் குறிப்பது. கருத்தடை செய்துவிட்டால் இரண்டும் பெரும்பாலும் அடங்கிப்போகும். வெளியே சுற்றுவதைத் தடுக்க ஜன்னலுக்கு வலை இருக்கிறது. உதிரும் முடிக்குச் சீப்பு இருக்கிறது. அப்படியானால் முப்பது ஆண்டுகளாக நாம் எதைத் தடை செய்தோம்? பூனையையா, கருத்தடை செய்யாமல் விட்ட நம் அலட்சியத்தையா?

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். ஐந்து மாதக் குட்டியே சினைப்பட்டுவிடக்கூடும். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு புளோக்கில் தெருப்பூனைகளைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த இடத்துக்குப் பக்கத்துப் புளோக்கில் பெருகிய புதுப் பூனைகள் வரும்.

2003ஆம் ஆண்டை மறக்க முடியுமா? சார்ஸ் தொற்றுநோய் வந்தது. பூனை மனிதருக்கு அந்நோயைப் பரப்பியதாக நிரூபணம் ஏதும் இல்லை. ஆனாலும் அச்சத்தில் ஏராளமான தெருப்பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. 1998இல் தொடங்கிய தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டமும் அதே ஆண்டில் நின்றுபோனது. கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாகக் காதுநுனி வெட்டி, ஐந்து வருடம் பொறுமையாக வளர்த்த வேலை அது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. நாடே பயந்திருக்கும் நேரத்தில் "சான்று எங்கே?" என்று கேட்கும் குரல் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியும் பயிற்சியும் உள்ளவர்கள் நீங்கள்.

2024 செப்டம்பர் 1 முதல் காலம் மாறியது. வீவக வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும், அரிசிமணி அளவிலான மைக்ரோசிப் பொருத்த வேண்டும். பழைய வளர்ப்பாளர்கள் இதற்குத் தயாராக 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசமும் தரப்பட்டது. ஒளித்து ஒளித்து வளர்த்தவர்களால் கூடையைத் தூக்கிக்கொண்டு பகலிலேயே மின்தூக்கியில் இறங்க முடிகிறது! இதைக் கண்ணால் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவர்.

ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. கருத்தடை கட்டாயமில்லை, வலியுறுத்தல் மட்டுமே. மைக்ரோசிப், தொலைந்த பூனையின் வீட்டைக் காட்டும். குட்டி போடுவதை நிறுத்தாது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித் திட்டம் இருக்கும்போது, மற்றவர்களைக் கட்டாயப்படுத்த ஏன் தயங்க வேண்டும்? இதை நான் சொன்னால் பூனைப் பைத்தியம் என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் வாங்குபவர் தன் பிழைப்புக்காகப் பேசுகிறார் என்று சிலர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். இதய மருத்துவர் புகைபிடிக்காதே என்று சொன்னால் நாம் அப்படிக் கேட்கிறோமா?

சட்டம் எழுதி முடிந்தபிறகு மைக்ரோசிப் பொருத்த மட்டும் உங்களைத் தேடி வரும் நிலை போதாது. குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் மாலையில் ஒரு கடிதத்தோடு வாருங்கள். தெருப்பூனைக்குச் சோறு வைக்கும் அக்காவையும் அதைப் பார்த்துக் கோபப்படும் அண்ணனையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே தொடங்கலாம். தேதியை மட்டும் சொல்லுங்கள். நாற்காலிகளை நாங்கள் போட்டுவைக்கிறோம்.