முகம் பெற்ற எஞ்சின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர் யாம். பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படித்தோம் அல்லோம். அத்தகைய எம்மை, உயிரில்லாப் பொருள் ஒன்று கார்ட்டூன் படத்தில் முகம் பெற்று நடிப்பது எங்ஙனம் என்று பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். நம் குடியிருப்புப் பிள்ளைகள் எடுத்த இரண்டு நிமிடப் படம் இன்னும் சற்று நேரத்தில் இத்திரையில் ஓடவிருக்கிறது. அதன் கதாநாயகன் ஒரு நீராவி எஞ்சின். அவனைப் பற்றிய முன்னுரையாக இதனைக் கொள்ள வேண்டுகிறோம்.

இரயில்வேக்கு ஒரு யானைக் குட்டி உண்டென்பதை அறிவீர்கள். பச்சை விளக்கைக் கையில் ஏந்திய கார்டு 'போலு'தான் அது. இந்திய இரயில்வேயின் 150 ஆண்டு நிறைவையொட்டி, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதனைப் படைத்தது. 2002 ஏப்ரல் 16-ஆம் நாள் நம் பெங்களூரில்தான் அது முதன்முதலாக வெளியிடப் பெற்றது. ஆனால் யானைக்குக் கண்ணும் வாயும் இயற்கை தந்தவை. எஞ்சினுக்கு என்ன உண்டு? கொதிகலன் உண்டு, சக்கரம் உண்டு, புகைபோக்கி உண்டு, முகம் இல்லை. இல்லாத முகத்தை அதற்கு வைக்க வேண்டும்; வைத்த பின்னும் அஃது எஞ்சினாகவே இருக்க வேண்டும். அருமை அங்கேதான் இருக்கிறது.

அவ்வருமையைச் செய்து காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஆட்ரி. தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் மகனுக்கு அவர் சொன்ன எஞ்சின் கதைகள் 1945-இல் நூலாயின. மறு ஆண்டு தாமஸ் என்னும் எஞ்சின் பிறந்தான். 1984-இல் அவன் தொலைக்காட்சிக்கு வந்தபோது, சிறிய மாதிரி வண்டிகளையே ஓடவிட்டுப் படம் பிடித்தனர். கண்மணிகளைத் தொலைவிலிருந்து இயக்கினர்; வாய் அசையவில்லை. மகிழ்ச்சிக்கு ஒரு முகம், சினத்துக்கு ஒரு முகம் எனத் தனித்தனியே செய்து கழற்றி மாட்டினர். 2009 முதல் மாதிரி வண்டிகள் ஓய்வு பெற்றன. எல்லாம் கணினியின் வேலையாயிற்று.

2016-இல் வந்த தாமஸ் படம் ஒன்றில் ஆஷிமா என்னும் இந்தியப் பெண் எஞ்சின் தோன்றினாள். அவள் யார் தெரியுமா? நம் நீலகிரி மலைப்பாதையின் எக்ஸ் வகை எஞ்சினே அவளுக்கு மூலம்! மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள் கொண்டது அப்பாதை. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாள நடுவில் பற்சட்டம் கிடக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக்கொண்டு மலையேறுகிறது. ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். 2005-இல் யுனெஸ்கோ அப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இவ்வகை எஞ்சின்கள் முன்னாளில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. பின்னாளில் திருச்சிப் பொன்மலைப் பணிமனையிலும் கட்டப்பட்டன. பிள்ளைகள் தம் கதாநாயகனாக இவ்வகையையே தேர்ந்தெடுத்தனர்.

இனி, அவனுக்கு அசைவு வந்த வகையைக் கூறுவோம். முதலில் கணினியில் எஞ்சினின் உருவத்தை வார்க்கிறார்கள். அது வெறும் பொம்மை. அதனுள்ளே எலும்புகளை அமைத்து, இந்த எலும்பு அசைந்தால் இந்தப் பகுதி அசைய வேண்டும் என்று பிணைப்பதைத்தான் 'ரிக்கிங்' என்கின்றனர். மரப்பாவைக்குக் கயிறு கட்டும் பழந்தொழிலேயன்றி வேறில்லை. கயிற்றால் இயங்கி உயிருள்ளது போல் மயக்கும் மரப்பாவையைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக ஆண்டிருக்கிறார் அல்லவா?

எம் மகன் 'பிளெண்டர்' என்னும் விலையில்லா மென்பொருளில் இவ்வேலையைத் தொடங்கினான். முதன்முறை எஞ்சின் சிரித்தபோது கொதிகலன் உப்பிற்று. புகைபோக்கி வாழைத்தண்டு போல் வளைந்தது. நாங்கள் கைதட்டினோம். லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மட்டும் தட்டவில்லை. "தம்பி, இரும்பு சிரிக்கலாம், ஆனால் வளையலாகாது. வளைந்தால் அதனைப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும்" என்றார்.

பிழை எங்கே என்று பையன் தேடினான். உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்பதற்குச் சுழி முதல் ஒன்று வரை ஓர் அளவு உண்டாம். கன்னத்து எலும்பின் ஆட்சி கொதிகலன் வரை பரவியிருந்தது. மூன்று வாரத்து வேலையை அவன் அழித்துவிட்டு அடி எலும்பிலிருந்து மீண்டும் தொடங்கினான். கொதிகலன் முழுவதும் உடல் எலும்புக்கு மட்டுமே கட்டுப்பட்டது. முகம் தனித்தட்டாக முன்புறம் பொருந்தியது. புருவம், கன்னம், உதடு ஆகியவை மட்டும் நெகிழ்ந்தன. முகத்தின் முன்னே ஒரு புள்ளியை நிறுத்தி, இரு கண்களும் அதனையே நோக்கும்படி கட்டினான், மாறுகண் விழவில்லை. சக்கரத்தின் சுழற்சியை வண்டியின் ஓட்டத்தோடு இணைத்தான். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 3.14 மீட்டருக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தவறினால் வண்டி வழுக்குவது போல் தோன்றும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை இயக்கும் இவ்விணைப்புக்கு அம்மென்பொருளில் 'டிரைவர்' என்றே பெயர். கேட்டதும் யாம் பெருமிதம் கொண்டோம்!

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இத்தொழிலையே கற்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, எம் வீட்டில் ஆறு திங்கள் வழக்கு நடந்தது. இரயில்வேத் தேர்வு எழுதினால் ஓய்வுக்காலம் வரை கவலையில்லை என்றோம் யாம். எம் அச்சம் காரணமற்றதன்று. 2025-இல் டெக்னிகலர் என்னும் பெரிய நிறுவனம் வீழ்ந்தபோது, இப்பெங்களூரிலும் பலர் வேலை இழந்தனர். வழக்கைத் தீர்த்தது எம் வாதமோ அவன் வாதமோ அன்று. அழித்த அந்த மூன்று வாரத்து வேலைதான். எவரும் அதட்டாமல், தன் பிழையைத் தானே கண்டு, அடியிலிருந்து கட்டத் துணிந்தவனை எழுத்தர் நாற்காலிக்கு இழுப்பது முறையாகாது என்று தெளிந்தோம். பட்டப்படிப்பை முடிக்க வேண்டும் என்பது எம் நிபந்தனை. பயிற்சிக் கட்டணம் எம் பொறுப்பு. இச்சபையில் இதே வழக்கு நடக்கும் இல்லங்கள் இன்னும் சில உண்டென்று அறிவோம். பெற்றோர்களே, தீர்ப்புக் கூறுமுன் ஒருநாள் பிள்ளையின் அருகமர்ந்து அவன் செய்யும் வேலையைப் பாருங்கள்.

நிறைவாக ஒன்று. இப்படத்தின் எஞ்சின் தமிழ் பேசுகிறான். பக்கத்து வீட்டுக் கன்னடச் சிறுமி, "எங்கள் மொழியிலும் அவன் பேச வேண்டும்" என்று கேட்டுத் தன் குரலைத் தந்தாள். புதிய வாய் செய்ய வேண்டுமோ என்று பையன் தயங்கினான். தேவைப்படவில்லை. அகரத்துக்குத் திறந்து, இகரத்துக்கு விரிந்து, உகரத்துக்குக் குவிந்து, மகரத்துக்கு மூடும் அதே உதடுகள் இரு மொழிக்கும் போதுமானவையாயின. நிறுத்தும் பொழுதுகளை மட்டும் மாற்றினான்.

பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த நமக்கும் அந்த எஞ்சினின் இலக்கணமே பொருந்தும் என்று எமக்குத் தோன்றுகிறது. முகம் நெகிழட்டும்; அண்டை வீட்டாரின் மொழியை வாய் மகிழ்ந்து பேசட்டும். உள்ளிருக்கும் அடி எலும்பு மட்டும் இடம் பெயராதிருக்கட்டும்.

விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். வண்டி புறப்படும் நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.