மனை இல்லமாகும் இடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கவிதையில் அடிக்கடி தலைகாட்டும் பொருள்களுள் ஒன்று பழைய குடும்ப வீடு. இடிக்கப்பட்ட திண்ணை, மூடப்பட்ட முற்றம், தூர்ந்த கிணறு, விளக்கில்லாத மாடக்குழி ஆகியவற்றைப் பாடாத கவிஞர் அரியர். இக்கவிதைகளின் ஏக்கம் உண்மையானதே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. திண்ணையும் முற்றமும் போனதால் இல்லம் போயிற்றா? அல்லது இல்லத்தை இல்லமாக்கியது வேறொன்றா? இவ்வினாவுக்குப் பழந்தமிழ்ப் புலவர்கள் என்ன விடை தந்தனர் என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சொல் தரும் விளக்கம்

மனிதர் குடியிருக்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. இன்று பெருவழக்காக உள்ள ‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்னும் அடியிற் பிறந்தது. பழைய நூல்களில் அது பெரும்பாலும் விடுதலையையே குறித்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வைப்பில் அப்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. உழைத்துக் களைத்தவன் சுமையை இறக்கிவைக்கும் இடம், கட்டுகள் விடுபடும் இடம் என்று அச்சொல்லுக்கு நயம் காண்பதில் தவறில்லை.

‘இல்’ என்பது அதனினும் வியப்புக்குரியது. இல்லம், இல்லாள், இல்லறம் எல்லாம் அதன் வழி வந்தவை. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குக் கூறும் 28 உருபுகளுள் ‘இல்’லும் ஒன்று. ஒருவர் எதன் உள்ளே இருக்கிறார் என்பதை அது காட்டும். இன்மையைக் குறிக்கும் ‘இல்’லும் அதே ஒலியுடையது. உள்ளே இருப்பார் இல்லையேல் இல்லமும் இல்லை என்று மொழியே எச்சரிப்பதுபோல் இவ்வொலி ஒற்றுமை அமைந்துவிட்டது. ‘மனை’ மனைவியைத் தந்தது. ‘அகம்’ வீட்டையும் உள்ளத்தையும் ஒருங்கே குறித்து, அகத்திணை என்னும் பெரும்பரப்புக்குப் பெயராயிற்று. சுவரையும் கூரையையும் குறிக்கும் அளவில் இச்சொற்கள் எவையும் நின்றுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

அரண்மனையும் அடுக்களையும்

தமிழிலக்கியத்தில் ஒரு கட்டடம் எழும்பும் முறையை நுணுக்கமாகச் சொல்லும் பாட்டு நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடிகளால் ஆன இப்பாட்டில் கட்டடக் கலை வல்லோர் இரு கோல்களை நட்டு, நண்பகல் ஞாயிற்றின் நிழல் கொண்டு திசை தெளிகின்றனர். நூல் பிடித்து அளந்து மனை வகுக்கின்றனர். மலையைக் குடைந்தாற்போன்ற வாயில். வெற்றிக்கொடியுடன் யானை நுழையத்தக்க உயரம். நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நெடுநிலை. வெண்மணல் பரப்பிய முற்றம். யவனர் இயற்றிய பாவை கையிலேந்திய விளக்கு. நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தால் அமைந்த கட்டில். ஒரு மனைக்கு வேண்டியவை அனைத்தும் ஆங்குள.

ஆனால் அக்கட்டிலில் அரசி உறங்காதிருக்கிறாள். அணிகளைக் களைந்திருக்கிறாள். செவிலியரும் சேடியரும் தேற்றியும் தேறவில்லை. மேற்கட்டியில் தீட்டப்பெற்ற திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அரசனோ கூதிர்க்கால நள்ளிரவில், மழைத்துளி தெறிக்கும் பாசறையில், புண்பட்ட வீரரைப் பார்த்துவருகிறான். அவ்வளவு சிறந்த மாளிகையை அங்குலம் அங்குலமாக எழுப்பிக் காட்டிய புலவர், அதனுள் ஓர் உயிரின் வெறுமையை வைத்துவிட்டார். மனையின் மாட்சி கூடக் கூட அவ்வெறுமையும் கூடுகிறது. முல்லைக்கு உரிப்பொருளாகத் தொல்லோர் ‘இருத்தல்’ என்பதை வகுத்தனர். நெடுநல்வாடையின் அரசியிடம் அவ்விருத்தல் உண்டு, உடனிருப்பவர்தாம் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு மனையைச் சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டுகிறார். பரிசில் பெறுமுன் பாணன் வாழ்ந்த மனை அது. கூரை சிதைந்து, சுவர் கறையான் அரித்து, காளான் பூத்த அடுக்களை. கண் திறவாத குட்டிகளுக்குப் பால் கொடுக்க இயலாத தாய்நாய் அங்கே கிடக்கிறது. பசியால் இளைத்த பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டு பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு இருந்து உண்கிறாள்.

வறுமையை அழகென்று புலவர் சொல்லவில்லை. அடைத்த கதவு அவ்வீட்டின் துயரம். ஆயினும் உள்ளே ஒரு பகிர்வு இருக்கிறது. இருந்த சிறிதளவு கீரை அனைவருக்கும் உரியதாயிற்று. அரண்மனையில் இல்லாதது அந்த இடிந்த அடுக்களையில் இருந்தது. அடுக்களையில் இல்லாத ஒன்றும் உண்டு. அது திறந்திருக்கும் வாயில்.

ஆயர்பாடியின் சிறுமனை

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வினாவுக்கு இளங்கோவடிகள் விடை தருகிறார். புகார்க் காண்டத்தில் கோவலனையும் கண்ணகியையும் தனிமனையில் குடியேற்றுகிறாள் கோவலனின் தாய். செல்வமும் ஏவலரும் உடன் வருகின்றனர். மணமக்களைத் தனியே உலைவைக்கச் செய்து மனையறம் பழக்கும் இவ்வழக்கம், ‘வேறு வைத்தல்’ என்னும் பெயரில் நகரத்தார் குடும்பங்களில் பிற்காலத்தும் தொடர்ந்தது. ஆனால் கண்ணகியின் மனை நிலைக்கவில்லை. கோவலன் மாதவியை நாடிப் பிரிந்தான். எழுநிலை மாடம் வெறும் கட்டடமாயிற்று.

பின்னர் மதுரைப் புறஞ்சேரியில், கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைக்க, இடைச்சியர் தலைவி மாதரி அவ்விருவருக்கும் ஒரு சிறுமனையை ஒழித்துக் கொடுக்கிறாள். செம்மண் பூசிய, வேலி சூழ்ந்த எளிய மனை. அரிசியும் பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் பாற்பயனும் அயலார் தந்தவை. மாதரியின் மகள் ஐயை துணை நிற்கக் கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்த மெல்விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது. இவற்றை அடிகள் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். அடுக்களை உழைப்பைக் காவியத்தின் உச்சியில் வைத்து நோக்கிய கண் அது. பனையோலைத் தடுக்கில் கோவலன் அமர, கண்ணகி அவன் அடி கழுவி, தரையில் நீர் தெளித்துத் தடவி, வாழைக் குருத்தை விரித்துச் சோறிடுகிறாள்.

உணவுக்குப் பின் அவர்கள் பேசுகின்றனர். பெற்றோருக்கும் மனைவிக்கும் தான் இழைத்த தீங்குகளைக் கோவலன் வாய்விட்டுச் சொல்கிறான். கண்ணகியும் மறைக்கவில்லை. பெருமனையில் மாமனும் மாமியும் வந்தபோது தான் மெய்யல்லாத முறுவல் காட்டியதையும், அதனைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியதையும் சொல்கிறாள். கணவன் பிரிந்தமையால் அறவோர்க்கு அளித்தலும், அந்தணரையும் துறவோரையும் பேணுதலும், விருந்து எதிர்கொள்ளுதலும் ஆகிய கடமைகள் தன் கைவிட்டுப் போயின என்கிறாள்.

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மாடமாளிகையில் பொய்ம்முறுவல் காட்டியவள், இரவல் மனையில் உண்மை பேசுகிறாள். பொன்னையோ பொருளையோ இழந்ததாக அவள் சொல்லவில்லை. வந்தவருக்கு இடும் வாய்ப்பை இழந்ததாகச் சொல்கிறாள். உடனிருப்பு, கைவருந்திய உழைப்பு, மறைப்பில்லாத பேச்சு, விருந்து பற்றிய நினைவு ஆகிய அனைத்தும் அச்சிறு மனையில் ஒரு பகற்பொழுதில் கூடின. அதன்பின் சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் வெளியேறுகிறான், திரும்பவில்லை. சிலம்பின் துயரம் கொலையில் மட்டும் இல்லை. இல்லம் அமைந்த நாளிலேயே அது குலைந்தது என்பதிலும் இருக்கிறது.

வள்ளுவர் வைத்த வரிசை

அரண் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அது 75 ஆவது. உயரம், அகலம், திண்மை எனக் கோட்டைமதிலுக்கு இலக்கணமும் சொன்னார். ஆனால் மனை கட்டுவதற்கென அவர் அதிகாரம் வகுக்கவில்லை. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறைப்படி 5 ஆம் அதிகாரம் இல்வாழ்க்கை. அடுத்து வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை. 9 ஆவது விருந்தோம்பல். கணவன் மனைவியிற் தொடங்கி, குழந்தைக்கு விரிந்து, அன்பாய்ப் பெருகி, முன்பின் அறியாத விருந்தினன் வரை வந்து நிற்கிறது அவ்வரிசை. பகைவனைத் தடுப்பதற்கு மதில் வேண்டும். இல்லத்துக்கோ வருபவனை ஏற்கும் வாயில் வேண்டும்.

யாருக்கு இல்லம்?

இவ்வளவு சொல்லியபின் பழைய வீட்டைப் பாடும் கவிஞர்கள் எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினா ஒன்று உண்டு. அவ்வீடு யாருக்கு இல்லமாக இருந்தது?

வழிப்போக்கனுக்கு நிழல் தந்ததாகப் போற்றப்படும் திண்ணை எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. பல வீடுகளில் கைம்பெண் இருண்ட பின்கட்டில் ஒதுங்கியிருந்தாள். மாதவிலக்கு நாள்களில் பெண் புறத்தே அமர்ந்தாள். பெண்ணுக்குப் பிறந்தகம், புக்ககம் என இரண்டு அகங்களைத் தமிழ் தந்தது. ஆயினும் ஒன்றை விட்டு வந்தவளாகவும் மற்றொன்றில் புகுந்தவளாகவுமே அவளை அச்சொற்கள் குறித்தன. தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமை தந்தது. அதற்கு முன் மணமான மகளிரை அச்சட்டம் சேர்க்கவில்லை. 2005 ஆம் ஆண்டு நடுவணரசின் திருத்தத்தில் அத்தகைய விலக்கு இல்லை. சட்டம் பங்கைத் தந்தது. தாய்வீட்டுக்கு வரும் மகள் விருந்தாளியாக உணர்கிறாளா, உரியவளாக உணர்கிறாளா என்பது இன்னும் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே தீர்க்கப்படவேண்டிய வழக்காகவே உள்ளது.

செட்டிநாட்டுப் பெருவீடுகள் இதற்கு வேறொரு சான்று. பர்மாத் தேக்குத் தூண்களும், ஆத்தங்குடித் தரைக்கற்களும், கண்ணாடிபோல் மெருகேறிய சுண்ணச் சுவர்களும் கொண்டவை அவை. 1942 இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அங்கிருந்த வணிகம் குலைந்தது. பிழைப்பு நாடிக் குடும்பங்கள் நகரங்களில் பரவின. இன்று பல வீடுகள் காவலாளியின் பொறுப்பில் பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் பங்காளிகள் ஒரு திருமணத்துக்காகக் கூடிக் கோட்டையடுப்பு மூட்டும் நாளில், அதே வீடு மீண்டும் இல்லமாகிறது. தூணும் கல்லும் இரு நாளும் ஒன்றே; ஆள் வந்தது மட்டுமே வேறுபாடு.

ஆதலின் முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டைப் பார்த்து இல்லம் அழிந்தது எனப் புலம்ப வேண்டுவதில்லை. அங்கேயும் முதியவளின் கட்டில் கடைசி அறைக்குள் தள்ளப்படாமல், வருவோர் போவோர் முகம் அவளுக்குத் தெரியும் இடத்தில் இருக்கலாம். சுவரில் குழந்தை கிறுக்கிய கரிக்கோடு சில காலம் அழிக்கப்படாமல் இருக்கலாம். நாளில் ஒரு வேளை உணவையாவது எல்லாரும் ஒருங்கே உண்ணலாம். சமைப்பவரின் சிவந்த விரலை உண்பவர் காணலாம். கண்டபின் தாமும் காய் அரியலாம். வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைக்காத வீடு, திண்ணையில்லாமலே பழைய திண்ணையினும் அகன்றதாகும்.

கவிஞர் கடன்

இழந்த திண்ணையைப் பாடுக. அதில் அமர முடியாது நின்றவரையும் சேர்த்துப் பாடுக. முற்றத்து நிலவைப் பாடுக; பின்கட்டில் அந்நிலவைக் காணாதிருந்தவளையும் பாடுக. நக்கீரர் மாளிகையை வருணித்தது மாளிகைக்காக அன்று. இளங்கோவடிகள் காய்கறிகளைப் பட்டியலிட்டது சுவைக்காக அன்று. பொருள்களினூடே மனிதரைக் கண்டனர். அதனால் அக்கட்டடங்கள் மண்ணாகியும் அப்பாட்டுகள் நிற்கின்றன.

இலக்கிய வட்டங்களுக்குச் சொந்தக் கட்டடம் வாய்ப்பது அரிது. பள்ளி வகுப்பறையிலோ நூலகத்து மாடியிலோ அன்பர் ஒருவரின் கூடத்திலோ அவை கூடும். ஆயினும் புதிதாக எழுதவந்த ஓர் இளைஞன் தயங்கித் தயங்கிக் கவிதை படிக்கையில் செவிகொடுத்து, குறையை மறைக்காமல் சொல்லி, அடுத்த கூட்டத்துக்கும் வா என்று அழைக்கும் இடம் எதுவோ, அதுவும் ஓர் இல்லமே. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் புதியவருக்கு வாயில் திறந்த இல்லமாக மேலும் பல்லாண்டு விளங்குக.