படங்குக்கும் ஒரு பத்திரம்

(மாதர் அணிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை விறகையும் துவைக்கிற துணியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் ஆம்பிளைகளும் இருக்கிறார்கள், சந்தோஷம். இன்றைக்கு நாங்கள் பேசப்போவது பிள்ளையின் ஈரத்துணியைப் பற்றி. சிரிக்க வேண்டாம். அந்த ஈரத்துணிக்குள் பத்து இலட்சம் டொலர் கதை ஒன்று இருக்கிறது.

கதைக்குப் போகுமுன் மேல் டிவிஷனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே நம் சங்கத்துத் தங்கச்சி ஒருவர் புது மாதிரிப் படங்கு ஒன்று தைத்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. மழை நாளில் செடிக்குள் நுழைந்தால் இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்துபோவது நம் பாட்டி காலத்துச் சங்கதி. உரச்சாக்கைக் கிழித்துக் கட்டினோம், பொலித்தீன் கட்டினோம். என்ன கட்டினாலும் தண்ணீர் வழிந்து முழங்காலுக்குத்தான் போகும், கயிறு இடுப்பை அறுக்கும். அந்த ஈரத்தோடுதான் மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி, குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுக்கிறோம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி நமக்கு உண்டு. மடி காய்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

இந்தத் தங்கச்சியின் கைப்பிள்ளைக்குச் சளி விடவே இல்லை. எப்படியாவது மடியைக் காயவைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்து, சாக்குக்கு உள்ளே பழைய குடைத்துணியை வைத்துத் தைத்தார். கீழ்விளிம்பு காலோடு ஒட்டாமல் சற்று விரிந்து நிற்கும்படி செய்தார். கயிற்றை எடுத்துவிட்டு அகலப் பட்டி வைத்தார். பிள்ளை அழும்போது ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். பக்கத்து லயத்தில் ஒருவர் கேட்டார், பிறகு நாலு பேர் கேட்டார்கள், பிறகு டிவிஷனே கேட்டது.

ஒருநாள் டவுனிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். மாதிரிக்கு இரண்டு கொடுங்கள், ஓடர் வரும் என்றார். தங்கச்சி மூன்றாகவே கொடுத்தார், தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார். ஓடர் வரவில்லை. தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் அதே படங்கு, அதே பட்டியோடு, கடை வாசலில் தொங்குவதைக் கண்டார்கள். நாங்கள் நாலு பேர் போய்க் கேட்டோம். “இது உங்களுடையது என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தபோதுதான் மேரியன் டொனோவன் என்ற தாயின் கதை கிடைத்தது.

அது அமெரிக்காவில், கொனெக்டிகட் மாநிலத்தில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நடந்தது. அன்றைக்கு அங்கேயும் பிள்ளைக்குத் துணிதான். மடித்து ஊக்குக் குத்திவிடுவார்கள். துணி நனைந்தால் சட்டை நனையும், விரிப்பு நனையும், இரவில் எழும்பி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மேலே போட ரப்பர் ஜட்டி விற்றார்கள். அது தொடையை இறுக்கும், காற்றுப் போகாது, பிள்ளையின் தோல் சிவந்து புண்ணாகும். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான மேரியன் இந்த வேலையில் சலித்துப்போனார். 1946 இல் ஒருநாள் குளியலறையில் தொங்கிய பிளாஸ்டிக் திரையைக் கழற்றி வெட்டி, தையல் மெஷினில் வைத்து, துணிக்கு மேலே போடும் உறை ஒன்றைத் தைத்தார். உரச்சாக்கைக் கிழித்த நம் அம்மாமாரின் புத்தியும் இதே புத்திதானே என்று அந்த இடத்தில் எங்களுக்குத் தோன்றியது.

முதல் தடவையே சரிவரவில்லை. திரும்பத் திரும்ப வெட்டித் தைத்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக்கை விட்டு, பரசூட் செய்கிற நைலோன் துணிக்கு மாறினார். ஈரம் வெளியே வராது, பிள்ளையின் தோலும் வேகாது. ஊக்குக்குப் பதிலாக பிரஸ் பட்டன் வைத்தார். அரைத்தூக்கத்தில் ஊக்குக் குத்திப் பிள்ளை வீரிட்டு அழுததைக் கண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். பார்க்கப் படகு மாதிரி இருந்ததால் அதற்கு ‘போட்டர்’ என்று பெயர் வைத்தார்.

உற்பத்திக் கம்பனிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒருவரும் எடுக்கவில்லை. இப்படி ஒன்றை எந்தத் தாயும் கேட்கவில்லையே என்பதுதான் அவர்களுடைய எண்ணம். கேட்கிறவர்கள் எல்லாம் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், கம்பனி வாசலுக்கா வருவார்கள்? கடைசியில் தானே செய்து விற்க இறங்கினார். 1949 இல் நியூயோர்க்கில் சாக்ஸ் பிஃப்த் அவெனியூ என்ற பெரிய கடையில் வைத்தார்கள், வைத்தவுடனே விற்பனை பிடித்துக்கொண்டது. 1951 இல் அவருக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதே ஆண்டில் கெக்கோ கோர்ப்பரேஷன் என்ற கம்பனி அவருடைய வியாபாரத்தையும் உரிமைகளையும் பத்து இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியது.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பத்திரம். நைலோன் துணியும் பட்டனும் யாரும் வாங்கலாம், தைக்கத் தெரிந்தவர் யாரும் தைக்கலாம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, பத்திரம் கிடைத்த நாளிலிருந்து 17 வருஷத்துக்கு அவருடைய அனுமதி இல்லாமல் அதைச் செய்து விற்க முடியாது. கம்பனி பணம் கொடுத்தது அந்த அனுமதிக்கு. நம் தங்கச்சியின் படங்கை வியாபாரி மூன்று மாதிரிக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கும் வாங்கிப் போனார்.

மேரியனும் நம்மைப்போல ஒருவர்தான் என்று சொன்னால் அது பொய். அவருடைய அப்பாவும் பெரியப்பா சித்தப்பா முறையான ஒருவரும் இந்தியானா மாநிலத்தில் கடைசல் இயந்திரம் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர்கள். ஏழு வயதில் தாயை இழந்த பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தொழிற்சாலைக்குள் சுற்றித் திரிந்து வளர்ந்தது. ஒரு பொருளை எப்படிச் செய்வது, எப்படிப் பதிவது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே அவருடைய காதில் விழுந்திருக்கும். கல்லூரிப் படிப்பு இருந்தது, வோக் என்ற பிரபல சஞ்சிகையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. அப்படிப்பட்டவரையே கம்பனிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பத்து அடிக் காம்பராவில் ஏழு பேரோடு குடியிருந்து, ஆறு மணிக்கு முன்னே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நம் தங்கச்சியை டவுன் வியாபாரி எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள்.

கதை பத்து இலட்சத்தோடு முடியவில்லை. மேரியனுக்கு அடுத்த யோசனை வந்தது. துணியே இல்லாமல், கடதாசியில் செய்து, ஒருமுறை போட்டு எறிந்துவிடுகிற மாதிரி. சாதாரணக் கடதாசி கிழிந்துவிடும். ஈரத்தை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சிய ஈரம் பிள்ளையின் உடம்பில் படாமல் உள்ளே போய்விட வேண்டும். அதற்கேற்ற கடதாசியைத் தேடி, யோசனையோடு கம்பனிகளின் படியேறினார். தேவையில்லாத வேலை, நடைமுறைக்கு வராது என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை அவர் தனியாகச் செய்து விற்கவும் வழியில்லை. தையல் மெஷினில் கடதாசி செய்ய முடியாதே.

சுமார் பத்து வருஷம் கழித்து, புரொக்டர் அன்ட் கேம்பிள் என்ற பெரிய சோப்புக் கம்பனியில் விக்டர் மில்ஸ் என்ற பொறியியலாளர் இருந்தார். அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது. பேரப்பிள்ளையின் துணியை மாற்ற வேண்டி வந்தபோது அந்தத் தாத்தாவுக்கு வேலை துப்புரவாகப் பிடிக்கவில்லை. (பின்வரிசையில் சிரிப்பது யார்?) கம்பனியின் ஆட்களையும் பணத்தையும் வைத்து இதற்கு வழி தேடச் சொன்னார். 1961 இல் வந்ததுதான் ‘பம்பர்ஸ்’. முதலில் ஒன்று 10 சதம் என்று விற்றபோது தாய்மார் விலை கூட என்று ஒதுக்கிவிட்டார்கள், விலையைக் குறைத்த பிறகுதான் ஓடியது. இன்றைக்கு நம் தோட்டத்துக் கடையில் எந்தக் கம்பனியின் பைக்கற்றாக இருந்தாலும் பம்பர்ஸ் என்றுதான் கேட்கிறோம். கேட்டுவிட்டு, நாட்சம்பளத்தை நினைத்து, கிளினிக்குக்குப் போகிற நாளுக்கு மட்டும் இரண்டு வாங்குகிறோம்.

மேரியன் அதோடு ஒதுங்கி உட்கார்ந்துவிடவில்லை. நாற்பது வயதை ஒட்டி யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1958 இல் பட்டம் வாங்கினார். முதுகுப்பக்க சிப்பைத் தானே இழுத்துப் பூட்ட ஒரு கயிறு, ஒரே கொளுவியில் 30 உடுப்புத் தொங்கவிட ஒரு சாமான், பல் இடுக்கைச் சுத்தம் செய்ய ஒரு நூல் வளையம் என்று வீட்டுத் தொல்லைகளாகவே பார்த்துப் பார்த்துச் செய்தார். வாழ்நாளில் ஏறக்குறைய 20 ஆக்கவுரிமைகள் பெற்றார். 1998 இல் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் கௌரவப் பட்டியலில் அவருடைய பெயர் சேர்ந்தது 2015 இல், இறந்து 17 வருஷத்துக்குப் பிறகு.

சகோதரிகளே, இந்த மாதிரிக் கதையைச் சொல்லிக்கொண்டு நம் லயத்துக்கு வேறு சிலரும் வருகிறார்கள். நீங்களும் சுயதொழில் செய்யலாம், முதலாளி ஆகலாம் என்று சொல்லிக் கையில் கடனைத் திணித்துவிட்டு, கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு இஸ்தோப்பில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்கிற பதில் இதுதான்: தையல் செய்தால் சம்பள உயர்வு தேவையில்லை என்று ஆகாது. பிள்ளைக்காம்பராவுக்கு ஒழுகாத கூரையும், ஈரத்துணி காய ஒரு இடமும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதை நம் தையல் மெஷினின் தலையில் கட்ட விடமாட்டோம். ஆனால் நம் கை செய்த பொருளின் பலனை வேறொருவன் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் சங்கம் செய்கிற வேலை அல்ல.

ஆகவே விசாரித்தோம். நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. உண்மையில் புதிதாகக் கண்டுபிடித்த பொருளுக்கு ஆக்கவுரிமை எடுத்தால் 20 வருஷம் வரை பாதுகாப்பு. பொருளின் புதிய தோற்றத்துக்குத் தனிப் பதிவு உண்டு. பெயருக்கும் அடையாளத்துக்கும் வியாபாரக் குறி உண்டு, அது 10 வருஷத்துக்கு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். டிவிஷன் முழுக்க விற்றுவிட்டு, பிறகு இது புதிது என்று எழுதிக் கொடுப்பது கஷ்டம். முதலில் பதிவு, பிறகு விற்பனை. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டோம். அந்தப் பழைய படங்கைப் பொறுத்தவரை இனி வாதாட இடம் அதிகம் இல்லை என்பதைத் தங்கச்சியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் படங்கில் எப்படியும் ஒரு குறை இருந்தது, முன்பக்கம் குனியும்போது மடங்குகிறது, அதைச் சரிசெய்து இன்னொன்று வைத்திருக்கிறேன் என்றார்.

அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. எங்களுக்கும் காட்டவில்லை, அதுவும் சரிதான். இந்த மாதம் இரண்டு வேலை செய்கிறோம். சங்கச் செலவில் ஒருவர் அவரோடு கொழும்புக்குப் போய், இதில் எதைப் பதியலாம், எதைப் பதிய முடியாது என்று நேரில் கேட்டு வருவார். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. பெயர் தங்கச்சியின் பெயரில்தான், சங்கத்தின் பெயரிலோ வீட்டுக்காரரின் பெயரிலோ அல்ல. இனி யாராவது மாதிரி கேட்டு வந்தால், எத்தனை கொடுத்தோம், என்ன திகதி, யாரிடம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுப்பவருக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

பதிவு வேலை முடிந்ததும் தையல் தெரிந்த ஆறு பேர் தேவை. கூலி எவ்வளவு என்பதை முதல் நாளே பேசி எழுதிக்கொள்வோம், அதிலும் தங்கச்சி முதலாளி மாதிரி நடந்தால் நாங்கள் அவருக்கு எதிராகவும் வருவோம் என்று சொல்லியிருக்கிறோம், சிரித்தார். வருகிற மாதக் கூட்டத்துக்கு உங்கள் பழைய படங்குகளை எடுத்து வாருங்கள். நெட்டையானவர்கள், கட்டையானவர்கள், வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் எல்லோருக்கும் அளவு எடுக்க வேண்டும். கிழிந்திருந்தால் இன்னும் நல்லது, எந்த இடத்தில் முதலில் கிழிகிறது என்று பார்க்கலாம்.