எல்லோரும் படிக்கும்படி ஒரு விதிப்புத்தகம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘இஞ்சினியர் ஆகியும் இவன் திருந்தவில்லையே’ என்று பேராசிரியர்கள் நினைக்கலாம். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்று ஒரு வகை ஆட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘பூட்டை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடையுமா உடையாதா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதற்கு முன்னோடி.

ஆட்டம் முழுக்கப் பேசுவதும் கேட்பதும்தான். படிக்கத் திணறுபவர்கூட இதில் சக்கைப்போடு போடலாம். ஆனால் உள்ளே வர ஒரு புத்தகத்தைத் தாண்டணும். தொடக்கத்தில் மூன்று சிறு புத்தகங்களில் அடங்கிய விதிகள் வளர்ந்து, 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு மட்டுமே 300 பக்கத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து நெருக்கி அடித்த எழுத்து. பின்னணியில் பழங்காலத் தோல் ஏடு மாதிரி ஒரு கறை வேறு!

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அறிவில் குறைவில்லை. எழுத்தை ஒலியாக்கும் இடத்தில்தான் சிக்கல். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. என் சித்தப்பா மகனுக்கு இது உண்டு. மேசையில் அவன் போடும் திட்டத்துக்கு நாங்கள் யாரும் ஈடு கிடையாது. புத்தகத்தை நீட்டினால் மட்டும், ‘நீங்களே சொல்லிடுங்கண்ணா’ என்பான். கதை நடத்தும் நாற்காலியில் அவன் இதுவரை உட்கார்ந்ததே இல்லை.

விதிகளைக் குறைக்கவா சொல்கிறேன்? இல்லை, அடுக்குவதை மாற்றினாலே பாதி வேலை முடியும். 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய ‘பேசிக்’ பெட்டி, எடுத்த எடுப்பில் ஒரு குட்டிக் கதையை ஆட வைத்து, போகிற போக்கில் விதியைச் சொல்லித் தந்தது. 2019-இல் கேவின் நார்மன், 1981-ஆம் ஆண்டு விதிகளை எடுத்து, ஒரு விஷயம் எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் அடங்கும்படி, சின்னச் சின்ன வரிகளாக ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ என்று கொண்டுவந்தார். அதே விதிகள்தான், தேடும் சிரமம் குறைந்தது.

அச்சுக்கும் வழி உண்டு. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சொல்வது இது: 12 முதல் 14 பாயின்ட் அளவில் எளிய எழுத்து; இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்; சாய்வெழுத்து வேண்டாம்; வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். கணினிக் கோப்பில் தலைப்புகளையும் படிக்கும் வரிசையையும் குறித்து வைக்கணும். இல்லாவிட்டால் வாசித்துக் காட்டும் மென்பொருள், குதிரையின் விலையையும் மந்திரத்தின் நேரத்தையும் சேர்த்துப் படித்துவிடும்!

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாயின. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் சுருக்கலாம், மொழிபெயர்க்கலாம், குரலில் பதியலாம். தமிழில் ஒரு ஒலிப் புத்தகம் செய்யுங்களேன். படிக்கத் திணறும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவருக்கு எங்கே தட்டுகிறதோ அங்கே திருத்துங்கள்.

நாளைக்கு நீங்கள் மெஷின் மேனுவல் எழுதும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஷிஃப்டில் நிற்பவர் ‘படிக்க முடியலை சார்’ என்று சொல்ல மாட்டார். தலையை ஆட்டிவிட்டு மெஷினை ஓட்டப் போய்விடுவார். ஆட்டத்தில் தப்பு நடந்தால் பகடையை மறுபடி உருட்டலாம், அங்கே முடியாது.