இருப்புப் பாதையும் கணிப்பொறி வலையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணிப்பொறி வலையைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தபோது, உவமைக்கு எங்கே செல்வது என்று சற்றே மயங்கினேன். பின்னர், மௌலா அலிக்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டுவதில்லை என்று தெளிந்தேன். எஞ்சின் கொட்டகையும் ரயில்வேப் பயிற்சி நிலையமும் சூழ்ந்த இக்குடியிருப்பில், பாதைகள் பிணைவதும் வண்டிகள் விதிப்படி ஓடுவதும் பாதி வீடுகளுக்குத் தொழிலாகவே தெரிந்தவை. தண்டவாளம் இருக்குமிடத்தில் கம்பியையும், வண்டி இருக்குமிடத்தில் செய்தியையும் வைத்துப் பாருங்கள்; பொருள் தானே விளங்கும்.

முதலில் நம்மை நேரே தொட்ட ஒன்றைக் கூறுகிறேன். 1985-ஆம் ஆண்டில் புது தில்லியில் பயண முன்பதிவு கணிப்பொறிக்கு மாறிற்று. பின்னர்ப் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் பொறிகள் வந்தன. ஆனால் அவை தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. இங்கிருந்து புறப்படும் வண்டியின் கணக்கு இங்குள்ள பொறியில்; ஊரிலிருந்து நாம் திரும்பும் வண்டியின் கணக்கோ சென்னைப் பொறியில். ஆகவே திரும்பும் பயணத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். தந்தையார் காலமானார் என்ற சேதி வந்தால், நின்றுகொண்டாயினும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். பதினாறாம் நாள் காரியம் முடித்துக் குழந்தை குட்டிகளோடு திரும்புவதுதான் பெரும்பாடு. விடியுமுன் எழுந்து சென்னையில் வரிசையில் நின்றவர்கள் இவ்வவையிலேயே பலர் உள்ளனர். விடுப்பு முடிந்தும் வந்து சேர இயலாமல் ஊதியம் இழந்தவர்களையும் நான் அறிவேன்.

கான்செர்ட் என்னும் செயல்நிரல் 1994-இல் முதன்முதலாக நம் செகந்திராபாத்திலேயே நிறுவப்பட்டது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. அன்று முதல் செகந்திராபாத்துச் சாளரத்தில் நின்றபடியே சென்னையிலிருந்து திரும்பும் படுக்கையையும் பெறலாயிற்று. கணிப்பொறி முன்னரே வந்துவிட்டது. நம் துன்பம் தீர்ந்ததோ அது பிணைக்கப்பட்ட பிறகே.

பிணைப்பது எவ்வாறு? நடுவே ஒரு சந்திப்பு; அதிலிருந்து நாற்புறமும் கிளைகள். இதனை விண்மீன் அமைப்பு என்பர். உங்கள் வீட்டு வைஃபை பெட்டி இவ்வகையைச் சேர்ந்தது. அமைப்பது எளிது, ஒரு கிளை அறுந்தால் மற்றவை பிழைக்கும். நடுச் சந்திப்பு முடங்கினாலோ அனைத்தும் முடங்கும். ஒரே கம்பியில் எல்லாப் பொறிகளையும் வரிசையாகக் கோப்பதும் உண்டு. கிளைப்பாதையில் சிற்றூர் நிலையங்கள் அமைந்திருப்பது போல. இடையில் அறுந்தால் தொல்லைதான். முனைகளை இணைத்து வளையமாக்குவது இன்னொரு முறை.

இவற்றினும் உறுதியானது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பல வழிகள் உள்ள பின்னல் அமைப்பு. 1964-இல் பால் பாரன் என்னும் அமெரிக்க அறிஞர், போரில் சில மையங்கள் அழிந்தாலும் செய்தி வேறு வழியே சென்று சேரவேண்டுமென்று கருதி இதனை விரிவாக எழுதினார். நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. காஜிப்பேட்டையிலிருந்து வாடிப் பக்கம் செல்லும் சரக்கு வண்டி செகந்திராபாத்து நெரிசலில் சிக்காமல், மௌலா அலியிலேயே பிரிந்து சனத்நகர் போய்ச் சேருகிறதல்லவா? அந்தப் பாதை இரட்டையாக்கப்பட்டு 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டபோது, மௌலா அலி ஹவுசிங் போர்டிலும் ஒரு நிலையம் கிடைத்தது. பின்னல் அமைப்பின் பயனை நாம் வாசலிலேயே காண்கிறோம்.

பாதை மட்டும் இருந்தால் போதுமா? இரு நிலைய அதிபர்கள் எவ்வாறு வண்டியை விடுகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். முதலாமவர் ‘லைன் கிளியர்’ கேட்கிறார். அடுத்தவர் பாதை காலியாக இருப்பதை உறுதி செய்து இசைவு தருகிறார். இரகசிய எண்ணும் பரிமாறப்பட்டுப் பதிவேட்டில் ஏறுகிறது. வண்டி புறப்பட்டதும் ஓர் அறிவிப்பு. வந்து சேர்ந்ததும் ஓர் அறிவிப்பு. கடைசிப் பெட்டியின் எல்.வி. பலகையையோ பின்விளக்கையோ காணாமல், வண்டி முழுமையாக வந்ததென்று எவரும் சொல்லமாட்டார்.

இதுவே நெறிமுறை. கணிப்பொறிகளுக்கு இதனை 1974-இல் வகுத்தளித்தவர்கள் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர், டி.சி.பி. என்பது அதன் பெயர். அங்கும் முதற்பொறி தன் எண்ணைச் சொல்லி அழைக்கிறது. மற்றது அதனை ஏற்றுத் தன் எண்ணைச் சொல்கிறது. முதற்பொறி அதனையும் ஏற்றதாக மறுமொழி தருகிறது. மூன்று பேச்சு முடிந்த பின்னரே சரக்கு புறப்படும். வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை வராவிடில், அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார்.

சரக்கும் ஒரே மூட்டையாகச் செல்வதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் ஆகியவற்றை எழுதி விடுகின்றனர். வேகனில் சீட்டு ஒட்டுவது போல. வழியிலுள்ள ரூட்டர் என்னும் பொறி முகவரியைப் பார்த்துப் பாயிண்டைத் திருப்புகிறது. துண்டங்கள் வெவ்வேறு வழியே முன்பின்னாக வந்தாலும், முடிவில் வரிசை எண்படி கோக்கப்படும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்த ஒப்புகை முறை பொருந்தாது. அயல்நாட்டிலுள்ள பேரக்குழந்தையைக் கைப்பேசியில் பார்க்கிறோம். அதன் சிரிப்பில் ஒரு துண்டம் தொலைந்தால், அதனை மீண்டும் தருவித்துக் காட்டுவதற்குள் குழந்தை எழுந்து ஓடிவிடும். ஆதலால் அங்கே தொலைந்ததை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டுகின்றனர். படம் சில வேளை சிதறுவதற்கு இதுவே காரணம். பாட்டிமார் கைப்பேசியைத் தட்டிப் பயனில்லை.

ஒரே கம்பியில் பலர் பேசினால் மோதல் வராதா? ஒற்றைப் பாதையில் நாம் கண்ட டோக்கன் உருண்டை இதற்கு விடை. இரு நிலையத்தாரும் இசைந்தாலன்றிக் கருவி உருண்டையைத் தராது. ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டாவது வராது. வளையத்தில் மாட்டிய பையில் அது ஓட்டுநர் கைக்கு வந்த பிறகே வண்டி நகரும். 1980-களில் பல அலுவலகங்களில் இருந்த ‘டோக்கன் ரிங்’ வலை, பெயரிலும் இக்கருத்தையே கொண்டது. 1973-இல் ராபர்ட் மெட்காஃப் கண்ட ஈதர்நெட் வேறு வழி சென்றது. முதலில் செவி கொடு, அமைதியாயிருந்தால் பேசு, இருவர் சேர்ந்து பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, தற்செயலாக அமையும் சிறுபொழுது பொறுத்து மீண்டும் தொடங்கு. நம் பொதுக்குழுக் கூட்டங்களுக்கும் இவ்விதி பெரிதும் ஏற்றது. இன்று ஒவ்வொரு பொறிக்கும் தனிக் கம்பி வந்துவிட்டதால் அம்மோதல் மறைந்தது. வைஃபை மட்டும் இன்றும் செவி கொடுத்த பின்னரே பேசுகிறது.

இறுதியாக ஒன்று. நிலையமும் எஞ்சினும் வானொலி வழியே தமக்குள் பேசிக்கொள்ளும் ‘கவச்’ முறைக்கு நம் தென் மத்திய ரயில்வேயே முதற்களமாயிற்று. 2022 மார்ச் 4-ஆம் நாள், செகந்திராபாத்துக் கோட்டத்தில் குல்லகூடா – சித்கித்தா நிலையங்களுக்கிடையே, ரயில்வே அமைச்சரே எஞ்சினில் ஏறிச் செல்ல, ஒரே தடத்தில் வேறோர் எஞ்சினும் இருக்கச் சோதனை செய்தனர். ஓட்டுநர் தடையைத் தொடவில்லை. எஞ்சின் தானாகவே 380 மீட்டருக்கு முன்னால் நின்றது.