அறுத்த வயலில் அடுத்த விதை



மருதத்தைப் பாடவந்த கவிஞர்கள் பெரும்பாலும் கதிர் முற்றியதோடு வயலை விட்டுக் கரையேறிவிடுகின்றனர். அறுத்த வயல் பாட்டில் இடம்பெறின், வெறுமைக்கு உவமையாகவே நிற்கிறது. வேளாண்மை ஏடுகளும் அதனை ‘நெல் தரிசு’ என்றே குறிக்கின்றன. காவிரிப் படுகையின் உழவரோ அதனைத் தரிசாகக் காண்பதில்லை.

சம்பாவும் தாளடியும் தை, மாசித் திங்கள்களில் அறுவடைக்கு வரும். அரிவாள் இறங்குவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லின் ஊடே உளுந்தையோ பச்சைப்பயற்றையோ தெளித்துவிடுவர். ஏக்கருக்கு ஏறத்தாழ 12 கிலோ விதை. ஏரும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. மண் மெழுகுப் பதத்தில் இருத்தல் வேண்டும், அவ்வளவே. நீர் தேங்கினால் விதை அழுகும். மண் காய்ந்து வெடித்தால் முளைக்காது. அந்தப் பதத்தை உழவர் காலடியால் அறிகின்றனர்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் அடைக்கப்படுகிறது. அதன்பின் மண்ணில் எஞ்சிய ஈரமும் இரவுப் பனியுமே பயிரைக் காக்கின்றன. 65 முதல் 75 நாள்களில் காய் முற்றிவிடும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால், நெல் உண்ட மண்ணும் சற்றே தேறுகிறது.

இம்முறை இன்று இருபுறமும் நெருக்குண்டு நிற்கிறது. அணைநீர் காலந்தாழ்ந்து வரும் ஆண்டுகளில் நடவு தள்ளிப்போகிறது. அறுவடையும் தள்ளிப்போக, பயறு பனியை இழந்து வெயிலில் சிக்குகிறது. மற்றொன்று, அறுவடை இயந்திரம். கையால் அறுத்தவர்களின் காலடிக்கு வளைந்து நிமிர்ந்த இளமுளைகள் அதன் சக்கரத்தடியில் நசுங்குகின்றன; அது உதிர்த்துச் செல்லும் வைக்கோல் மற்றவற்றை மூடிவிடுகிறது. ஆளின்றித் தவிக்கும் உழவரிடம் இயந்திரம் வேண்டாமென்று சொல்ல யாராலும் இயலாது. நெல்லைக் காப்பதா, பயற்றைக் காப்பதா என்னும் கணக்கில் பலர் பயற்றைக் கைவிடுகின்றனர்.

அவ்வாறு கைவிடப்பட்ட வயலே உண்மையில் தரிசு. நெல் அறுத்த வயல் தானாகவே வெறுமை ஆவதில்லை. இந்த வேறுபாட்டை ஏடுகள் மறக்கலாம். சொல்லின் பதம் அறிந்த கவிஞர் மறக்கலாகாது. தை மாதத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் செல்வோர் அரிதாள்களின் இடையே சற்றுக் குனிந்து பார்க்கட்டும். அங்கே இரண்டு இலை விரித்து நிற்பதற்கு இன்னும் தகுந்த பாட்டு எழுதப்படவில்லை.